கடிகாரத்தின் முன் ஒரு நாவலாசிரியர்

ஆந்தனி டிராலப் 1815-இல் இலண்டனில் பிறந்தார். கடனில் நொடித்த குடும்பத்தை, ஐம்பது வயதைக் கடந்தபின் முதல் நூலை வெளியிட்ட தாய் பிரான்சிஸ் எழுதியே காப்பாற்றினார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவாறே எழுதிய அத்தாய்தான் மகனுக்கு முதல் ஆசான் எனலாம்.

1834-இல் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்த டிராலப், 1867 வரை அப்பணியில் இருந்தார். அலுவல் பயணங்களில் புகைவண்டியில் அமர்ந்து, மடிமேல் வைத்த பலகையில் பென்சிலால் எழுதுவார். மனைவி ரோஸ் அதைப் படியெடுப்பார். 1857-இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி அவ்வாறு உருவானதே. பின்னாளில், விடியலில் தம்மை எழுப்பிவிடும் பணியாளருக்கு ஆண்டுக்கு 5 பவுன் தனியே கொடுத்தார். ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார், எதிரே கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். இவ்வுழைப்பில் விளைந்த நாவல்கள் 47.

1882-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில் இக்கணக்கையும், நூல்தோறும் பெற்ற ஊதியத்தையும் ஒளிவின்றி வைத்திருந்தார். காலணி தைப்பவரின் தொழிலோடு தம் தொழிலை ஒப்பிடவும் கூசவில்லை. உள்ளெழுச்சிக்குக் காத்திருப்பதே கலை என்று கருதியோர் முகஞ்சுளித்தனர். அவர் புகழ் மங்கியதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அவர் நாவல்களை மீண்டும் தேடிப் படித்தனர்.