காகிதத்துக்குக் கணக்குக் கேட்ட ஆடிட்டர்

மாடல் எக்ஸாம் வாரத்தில் நம்ம திருமுல்லைவாயில் ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்திருப்பீங்க. ஒரு பண்டல் ஏ4 தீருவதற்குள் அடுத்த பண்டலைப் பிரிப்பாங்க. ரெக்கார்டு நோட்டு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், மார்ஜின் தப்பாப் போனதால தூக்கிப் போட்ட பக்கங்கள்... அந்தப் பக்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து கிளம்புற உதிரிபாகங்களும் அட்டைப் பெட்டியில்தான் போகுது. பேப்பர் என்ன விலைன்னு கேட்டா கடைக்காரர் சொல்லிடுவார். அந்த விலையில் சேராத கணக்கு ஒன்று இருக்குன்னு சொன்ன ஒரு ஆடிட்டரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4, தஞ்சாவூர். அப்பா பொதுப்பணித்துறையில் வேலை. பையனுக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் படித்துத் தேறி, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம். நம்ம பாஷையில் சொன்னா 'செட்டில்' ஆனவர். அதன் பிறகுதான் அமெரிக்கா போனார். சிரக்யூஸில் வணிக நிர்வாகம், கொலம்பியாவில் பொதுநிதி. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆங்கில ஆட்சியின் வரவு செலவையே தணிக்கை செய்ய ஆரம்பித்ததும் அங்கேதான். குமரப்பா என்ற குடும்பப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

1929 மே மாதம் அந்த ஆய்வைக் காட்ட சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார் நம்ம ஆள். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், பட்டுக் கால்சட்டையோடு சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்தார். காந்தி உடனே ஒரு வேலை கொடுத்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதாரத்தைக் கணக்கெடுக்கணும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் முடித்துக் கொடுத்தார்.

கணக்கில் எவ்வளவு கறார் என்பதற்கு ஒன்று சொல்றேன். 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதி இவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 அணா என்று வரம்பு. காந்தியும் கூட வந்தவர்களும் பாட்னா வந்தபோது, அவர்கள் செலவை நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதே வருஷம் டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. குமரப்பா செயலாளர், இடம் வார்தாவின் மகன்வாடி. இதை நீங்க ஒரு ஆர் அண்ட் டி லேப் மாதிரி நினைச்சுக்கலாம். செக்கு, மண்ணெண்ணெய் வேண்டாத தாவர எண்ணெய் விளக்கு, தேனீ வளர்ப்பு, இவற்றோடு கைக்காகிதம்.

இந்தியாவில் கைக்காகிதம் புதுசு இல்லை. சாங்கானேர் போன்ற ஊர்களில் காக்ஜி என்றே பெயர் வாங்கிய பரம்பரைகள் இருந்தன. ஆலைக் காகிதமும் இறக்குமதியும் வந்ததும் அவர்கள் தொழில் படுத்துவிட்டது. மகன்வாடியில் அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். கந்தல், கழிவுக் காகிதத்தை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளினால் தண்ணீர் வடிந்து ஒரு தாள் நிற்கும். அதைத் துணிமேல் புரட்டி, அழுத்தி, உலர்த்தி, மை ஊறாதபடி பசை பூசணும். சங்க நூல்கள் சிலவும் இப்படிப்பட்ட தாளிலேயே அச்சாகின.

கெமிக்கல் நண்பர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்க. பருத்தியில் செல்லுலோஸ் 90 சதவீதம் வரை இருக்கும், லிக்னின் கிட்டத்தட்ட இல்லை. மரத்திலும் மூங்கிலிலும் லிக்னின் சுமார் 20 முதல் 30 சதவீதம். அதைப் பிரிக்கத்தான் ஆலையில் காரம், நீராவி, பிரம்மாண்டமான டைஜெஸ்டர், அப்புறம் கறுப்புத் திரவம். கந்தலுக்கு அந்தப் படி பெரும்பாலும் தேவையே இல்லை. சிறிய அளவில் செய்ய முடிவது அதனால்தான்.

குமரப்பா உலகப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் எல்லாம் எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். ஆண்டுதோறும் வளர்ந்து வருவது ஓட்டம். தேக்கத்தை நம்பிய பொருளாதாரம் சண்டையில்தான் முடியும் என்றார். காகிதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்க. பழந்துணி ஓட்டம். காடு முளைக்கும் வேகத்துக்கு மேல் வெட்டினால், ஓட்டமாக இருந்ததும் தேக்கமாகிடும். ஆலையின் லாப நஷ்டக் கணக்கில் அந்த வரி வராது.

1942-ல் சிறை. ஜபல்பூரில் உட்கார்ந்து 'நிலைத்த பொருளாதாரம்' என்று இந்தக் கருத்துகளை நூலாக எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1949-ல் அறிக்கை வந்தது. ஆனா நாடு பெரிய ஆலை பக்கம் போய்விட்டது. உண்மையைச் சொல்லணும்னா, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கத் தொட்டியில் அள்ளிய தாள் போதாது. இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அவர் கேட்ட கேள்வி தப்புன்னும் சொல்ல முடியலை.

கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். அறையில் ஒரு ஏழை விவசாயியின் படம் மாட்டியிருந்தார். காந்தி தன் எஜமான், இவர் எஜமானுக்கு எஜமான் என்று வருபவர்களிடம் விளக்குவாராம். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே இறந்தார்.

அதே 1960-ல்தான் பள்ளிபாளையத்தின் சேஷசாயி காகித நிறுவனம் பதிவானது. 1979-ல் டிஎன்பிஎல் உருவாகி, 1984-ல் கரூர் புகளூரில் உற்பத்தி ஆரம்பித்தது, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளா வெச்சு. ஆண்டுதோறும் வயலில் இருந்து வரும் சக்கை அவருக்குப் பிடித்திருக்கும். ஆலையின் அளவைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்னு நினைக்கிறேன்.

சாங்கானேரில் இன்று குமரப்பா பெயரிலேயே தேசிய கைக்காகித நிறுவனம் இருக்கு. பனியன் கம்பெனி வெட்டுத் துணிகூட இப்போ கைக்காகிதத்துக்குப் போகுது. கிராமத்துக்கு வேலை தர நினைத்த அந்தத் தாள், நகரத்துக் கடைகளில் ஸ்கெட்ச் புக்காவும் கல்யாணப் பத்திரிகையாவும் ஏ4-ஐ விடப் பல மடங்கு விலைக்கு விற்குது. போன மாசம் ஒரு சீனியர் அக்காவோட பத்திரிகை அப்படித்தான் வந்தது. ஓரம் பிசிறா, நடுவில் ஒரு சின்ன நீல நூல் தெரியுது. தூக்கிப் போட மனசு வரலை.