பெயரில்லா மேடும் பிழைபட்ட ஏடும்

பிட்ஸ்பர்க் - அமெரிக்காவின் எஃகு நகரம். அந்நகரின் அலெகெனி கல்லறைத் தோட்டத்திலே செல்வர்களுக்குப் பளிங்கு மண்டபங்கள் உண்டு. ஆனால் 1947 முதல் 1975 வரை, 28 ஆண்டுக் காலம், அதே தோட்டத்திலே ஒரு மண்மேடு தலைக்கல் இல்லாமல் கிடந்தது. வருவோர் போவோர் வணங்கவில்லை. யார் உறங்குகிறார் என்று கேட்கவும் வழியில்லை.

உறங்கியவர் யார் தெரியுமா, தோழர்களே? ஜோஷ் கிப்சன்! பேஸ்பால் ஆட்டத்திலே அவரை விஞ்சிய மட்டைக்காரர் எவருமில்லை என்று 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கப் பேஸ்பால் தலைமை நிலையமே ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டது. இறந்து 77 ஆண்டு ஆனபிறகு! வாழ்ந்த நாளிலே அந்த நிலையத்தின் ஆடுகளத்துக்குள் ஒரு நாளும் அவரை ஆட விட்டாரில்லை. ஏன்? அவர் கருப்பர். வேறு காரணம் இல்லை. வேறு குற்றம் இல்லை.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆகவே இரண்டொரு சொல். எதிரணிக்காரன் எறியும் பந்தை உருண்டைத் தடியால் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் தொட்டு ஓடிவர வேண்டும். பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் அது ஹோம் ரன். பத்து முறை தடி பிடித்து மூன்று முறை வெற்றியாக அடித்தாலே அவனைச் சூரன் என்று சொல்வார்கள். அத்தனை கடினமான கலை. அடிப்பவனுக்குப் பின்னால், முகத்திலே கம்பி மூடி மாட்டி, குந்தியபடியே பந்தைப் பிடிப்பவன் கேட்சர். முழங்கால் தேயும், விரல் நசுங்கும். ஆட்டத்திலேயே கூலிக்காரன் வேலை அது. அந்த வேலையைச் செய்துகொண்டே அடியிலும் முதல்வராக நின்றவர் கிப்சன்.

தெற்கே ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே 1911 டிசம்பர் 21-ல் பிறந்தார். தந்தை உழவர். ஊரான் நிலத்திலே உழுது உழுது ஓய்ந்த கருப்பர்கள் அந்நாளில் வடக்கு நகரங்களின் ஆலைகளை நோக்கி ஆயிரக்கணக்கில் புறப்பட்டனர். கிப்சனின் தந்தையும் புறப்பட்டார். பிட்ஸ்பர்க் எஃகாலையிலே வேலை தேடிக்கொண்டார். பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டார். மகன் மின்சாரத் தொழில் பயின்றான், படிப்பு நின்றது, ஆலைக்குப் போனான். பகலெல்லாம் இயந்திரம், மாலையில் மட்டை. அதுதான் அவன் இளமை.

1930-ல், 18 வயதிலே, ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்னும் கருப்பர் குழுவிலே சேர்ந்தார். ஹோம்ஸ்டெட் எந்த ஊர்? 1892-ல் கார்னகியின் எஃகாலையை எதிர்த்துத் தொழிலாளர் போராடிக் குருதி சிந்திய ஊர்! அந்தக் குழுவும் எஃகாலைத் தொழிலாளர் ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான்.

புகழ் வாசலுக்கு வந்த அதே ஆண்டிலே துயரமும் வந்தது. இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்துவிட்டு மாண்டு போனார். குழந்தைகள் பிழைத்தன. தாயைப் பெற்றவர்கள் அவற்றை வளர்த்தனர். தந்தையோ மட்டையைத் தோளிலே சாய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சோறு வேண்டுமே!

கருப்பர் குழுக்களின் வாழ்வு எத்தகையது? ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டு ஊர். இரவெல்லாம் பேருந்து. வழியில் விடுதி உண்டு, இடமில்லை. உணவகம் உண்டு, உள்ளே வராதே! பேருந்து இருக்கையே படுக்கை. பொழுது விடிந்தால் களத்திலே நின்று பல்லாயிரவர் கைதட்ட ஆடவேண்டும்.

1932 முதல் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற குழு. சாட்செல் பேஜ், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் - இந்த நால்வரும் கிப்சனும் ஒரே அணியில்! ஐவருமே பின்னாளில் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம் பெற்றவர்கள். வெள்ளையர் உலகிலே பேப் ரூத் என்பவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். கிப்சனைக் கருப்புப் பேப் ரூத் என்றார்கள். கருப்பு மக்களோ, ரூத் தான் வெள்ளைக் கிப்சன் என்று திருப்பிச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே களத்திலே ஆட விட்டுப் பார்த்தால் தெரிந்திருக்கும். விட்டால் அல்லவா!

தடை எந்தச் சட்டத்திலே எழுதியிருந்தது? எழுதவே இல்லை! அதுதான் சூழ்ச்சி. 1884-ல் மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கருப்பர் முதல் வரிசைக் குழுவில் ஆடினார். பிறகு உடைமையாளர்கள் தமக்குள் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள், கதவு மூடியது. கனவான்களின் உடன்பாடு என்று அதற்குப் பெயர். 1920 முதல் 1944 வரை ஆட்டத்தின் ஆணையராக இருந்த நீதிபதி லாண்டிஸ், கருப்பரைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்றே அறிவித்தார். விதி இல்லை, ஆனால் ஒரு கருப்பரும் உள்ளே இல்லை! எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். எழுதாத சட்டத்தை எந்த மன்றத்திலே நிறுத்துவது?

இன்னொரு காட்சி. தலைநகர் வாஷிங்டனிலே கிரிஃபித் திடல். வெள்ளையர் குழு வெளியூர் போகும் நாட்களில் அதே திடலைக் கிரேஸ் குழு வாடகைக்கு எடுத்து ஆடியது. கிப்சன் அடிப்பதைக் காணக் கூட்டம் அலைமோதியது. திடலுக்குரியவர் கிளார்க் கிரிஃபித்துக்கு வாடகை வந்து குவிந்தது. ஒருநாள் கிப்சனையும் அவர் தோழர் பக் லெனர்டையும் தம் அறைக்கு அழைத்து, முதல் வரிசையில் ஆட விருப்பமா என்று கிரிஃபித் கேட்டதாக லெனர்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். இருவரும் விருப்பம் என்றனர். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. வாடகைப் பணம் கருப்பா வெளுப்பா என்று பார்க்கவில்லை. ஆளை மட்டும் பார்த்தார்கள்!

1943 பிறந்தது. ஆண்டின் முதல் நாளே கிப்சன் நினைவிழந்து விழுந்தார். மூளையிலே கட்டி என்றனர் மருத்துவர்கள். அறுவை சிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. தலையிலே சாவைச் சுமந்துகொண்டு களத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலே என்ன ஆயிற்று? ஆயிரத்துக்கு 466 என்ற விகிதத்தில் அடித்தார்! ஓர் ஆண்டு ஆட்டத்தில் அதற்கு மேல் அடித்தவர் எவருமில்லை என்பது 2024-ல் வெளிவந்த கணக்கு. 1943, 1944 இரண்டு ஆண்டும் கருப்பர் உலகத்தொடரில் கிரேஸ் குழுவே வாகை சூடியது.

ஆனால் உடல் உடைந்துகொண்டே வந்தது. தலைவலி, குடி, மருத்துவமனை. 1945 அக்டோபரில் புரூக்ளின் நிருவாகம் ஜாக்கி ராபின்சன் என்ற கருப்பு இளைஞரை ஒப்பந்தம் செய்தது. கதவு திறக்கிறது! கிப்சன் வாசலிலேயே நின்றவர். அழைப்பு அவருக்கு வரவில்லை. 1947 ஜனவரி 20-ல் மூச்சு நின்றது. வயது 35. அதே ஆண்டு ஏப்ரல் 15-ல் ராபின்சன் புரூக்ளின் அணியின் உடையணிந்து களமிறங்கினார். மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை!

சரி, இறந்த பிறகாவது உண்மையை எழுதினார்களா? 1969-ல் ஒரு குழு கூடி, 1876 முதல் நடந்த ஆட்டங்களில் எவை முதல் வரிசை என்று தீர்ப்பளித்தது. ஆறு அமைப்புகளுக்கு அந்தப் பெருமை கிடைத்தது. கருப்பர் அமைப்பு ஒன்றுக்குமில்லை. 1972-ல் புகழ்மன்றம் கிப்சனை ஏற்றது. 1975-ல்தான் மேட்டுக்குத் தலைக்கல் வந்தது. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை ஆடிய கருப்பர் அமைப்புகள் ஏழும் முதல் வரிசையே என்று தலைமை நிலையம் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதத்தில் 2,300-க்கு மேற்பட்ட கருப்பு ஆட்டக்காரர்களின் கணக்கு ஏட்டிலே ஏறியது. வாழ்நாள் முழுதுக்குமாகக் கிப்சனின் அடி விகிதம் ஆயிரத்துக்கு 372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் விகிதம் 367. காப் இறங்கினார், கிப்சன் ஏறினார்.

உடனே முணுமுணுப்பு எழுந்தது. கருப்பர் ஆடிய ஆட்டங்கள் குறைவு. அதை வைத்து முதலிடம் தரலாமா என்கிறார்கள் சிலர். குறைவுதான், மறுக்கவில்லை. ஆட்டத்தைக் குறைத்தது யார்? திடலைப் பூட்டியவன், வெளியே நின்றவனைப் பார்த்து, நீ உள்ளே அதிக நேரம் நிற்கவில்லையே என்று கேட்பது எந்த நீதி?

இன்னொன்றும் உண்டு. கிப்சன் ஏறத்தாழ 800 ஹோம் ரன் அடித்தவர் என்று புகழ்மன்றத்துப் பலகை சொல்கிறது. புதிய ஏடோ 174 என்கிறது. ஏன் இந்த வேறுபாடு? அமைப்பு ஆட்டங்கள் மட்டுமே ஏட்டுக்குரியவை. ஊர் ஊராகச் சோற்றுக்கு ஆடிய ஆட்டங்கள் கணக்கிலே சேரா. அமைப்பு ஆட்டங்களிலும் எழுதப்படாமல் போனவை உண்டு, போனவை போனவையே.

அப்படியானால் இந்தக் கணக்காவது எப்படிக் கிடைத்தது? இங்கேதான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் - இவை கருப்பு மக்கள் தமக்கென நடத்திய இதழ்கள். பெரிய ஏடுகள் கருப்பர் ஆட்டத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காத நாளிலே, யார் அடித்தார், எத்தனை அடித்தார் என்று அவை அச்சிட்டு வைத்தன. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆய்வாளர்கள் பழம் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்த வரிகளைக் கூட்டிக் கூட்டியே கணக்கை மீட்டார்கள். அந்த இதழ்கள் இல்லையேல் 372 என்ற எண்ணும் இல்லை.

ஆகவே தோழர்களே, இந்தத் திருத்தத்தை எவரும் கருணை என்று சொல்ல வேண்டாம். வாங்கிய கடனை வட்டியின்றி, அதுவும் கடன் கொடுத்தவன் செத்தபிறகு கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏடு திருந்தியது. 35 வயதில் அணைந்த வாழ்வு திரும்பவில்லை.

நமக்கு மிஞ்சுவது ஒரு பாடம். உழைப்பவன் உழைத்துக்கொண்டே இருந்தால் போதாது; உழைத்ததை எழுதி வைக்கவும் வேண்டும். நம் கணக்கை மாற்றான் எழுதுவான் என்று காத்திருந்தால், ஒரு வரியும் மிஞ்சாது, மேடுதான் மிஞ்சும். கிளையிலே, சங்கத்திலே, ஆலை வாசலிலே நடப்பதை நம் ஏட்டிலே நாமே எழுதுவோம். இன்று சிரிப்பவன் சிரிக்கட்டும். நாளை எவனோ ஒருவன் அந்தப் பக்கத்தைப் புரட்டுவான்.