நெடுநாவலைத் திரைக்குக் கொணர்ந்தவர்

விக்டோரியா அரசி காலத்து ஆங்கிலப் பெருநாவல்களுள் ஒன்று எலன் வுட்டின் 'ஈஸ்ட் லின்'. 1861-இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. கணவன்மீது வீண் ஐயம் கொண்டு, வேறொருவனை நம்பி வீட்டைத் துறக்கும் ஒருத்தி, கைவிடப்பட்டு, உருச்சிதைந்து, தான் பெற்ற பிள்ளைகளுக்கே ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். மடியில் மடியும் மகனிடம்கூடத் தாய் என்று சொல்ல இயலாத நிலை அவளுக்கு. 1952-இல் இக்கதையைத் தழுவித் 'தாய் உள்ளம்' படத்தை இயக்கியவர் கே. ராம்நாத்.

நாவலின் பெயர் ஒரு மாளிகையின் பெயர். படத்தின் பெயரோ தாயைச் சுட்டுவது. மூன்று பாகக் கதையில் எதைக் காக்க வேண்டும் என்பதற்கு அப்பெயரே விடை.

1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த ராம்நாத், அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1939-இல் வெளிவந்த வாகினியின் 'வந்தேமாதரம்' அவரது ஒளிப்பதிவே. பின்னர் ஜெமினியில் சேர்ந்து, 'சந்திரலேகா' முற்றுப்பெறும் முன்பே விலகினார்.

அடுத்து வந்ததுதான் பெருஞ்சோதனை. விக்தர் ஹியூகோவின் 'லே மிசெராப்ல'வைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கியிருந்தார். கோவைப் பட்சிராஜா நிறுவனத்துக்காக 1950-இல் ராம்நாத் அதைப் படமாக்கினார். வாட்டர்லூ போருக்கே பல அத்தியாயங்களை ஒதுக்கிய நூல் அது! அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரி போன்ற ஊர்களில் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து படம் பார்த்தவர்க்குப் பிரெஞ்சு வரலாறு எதற்கு? பசிக்கு ரொட்டி திருடிச் சிறை சென்றவனும், அவனை விடாது துரத்தும் காவல் அதிகாரியும் போதும். அந்தத் திருடன் கந்தன் ஆனான்; நாகையா அவனாகவே வாழ்ந்தார்.

தழுவல் என்றாலே நகல் என ஏளனம் செய்வோர் உண்டு. அது நியாயமன்று. எதைத் துறப்பது என்று தேர்வதற்கு மூல நூலை ஆழ்ந்து கற்றிருக்க வேண்டும். கால்ஸ்வொர்த்தியின் கதையொன்றைத் தழுவி 1954-இல் 'விடுதலை' எடுத்தபோதும் அவர் அவ்வழியே சென்றார்.

1956-இல் ராம்நாத் மறைந்தார், வயது 44. காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுதும் ஜாவர் சீதாராமன் என்றே அறியப்பட்டார். அப்பாத்திரத்தைத் தமிழ்த் திரையில் உலவவிட்ட இயக்குநரின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.