சிதம்பரத்தில் முடிந்த சினிமா

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம் கோவிலை அறியாத தமிழர் இல்லை. அந்த ஊரின் பெயரில் 1985-ல் ஒரு மலையாளப் படம் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படம் என்று தேசிய விருதும் பெற்றது.

அதை எடுத்தவர் டைரக்டர் அரவிந்தன்.

கார்ட்டூன் வரைந்தவர்

அரவிந்தன் 1935-ல் கோட்டயத்தில் பிறந்தார். தந்தை கோவிந்தன் நாயர் நகைச்சுவை எழுத்தாளர். மகன் ரப்பர் வாரியத்தில் அதிகாரியாக வேலை பார்த்தார். 1961 முதல் "மாத்ருபூமி" வார இதழில் கார்ட்டூன் தொடரும் வரைந்தார்.

கார்ட்டூனுக்கு நாலு கோடு போதும். பார்த்ததும் விஷயம் விளங்கவேண்டும். இந்தப் பழக்கம் சினிமாவில் அவருக்குக் கை கொடுத்தது.

1977-ல் அவர் எடுத்த "காஞ்சன சீதா" படத்தில் சீதையாக நடிக்க ஆளே இல்லை! காற்றில் இலை அசைந்தால், சீதை அங்கே இருக்கிறாள் என்று பொருள்.

மலையில் நடந்த தவறு

"சிதம்பரம்" கதை மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் தொடங்குகிறது. முனியாண்டி அங்கே வேலை செய்கிறவன். சொந்த ஊருக்குப் போய், சிவகாமியைக் கல்யாணம் செய்து அழைத்து வருகிறான். சிவகாமியாக நடித்தவர் ஸ்மிதா பாட்டீல்.

பண்ணை அதிகாரி சங்கரன் அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். இருவரும் தவறு செய்கிறார்கள். முனியாண்டி தூக்குப் போட்டுக்கொண்டு இறக்கிறான்.

சங்கரன் நிம்மதி இழந்து அலைகிறான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கேட்கவேண்டியவன் உயிரோடு இல்லை!

வசனம் சொல்லாததை...

இந்த வேதனையை அரவிந்தன் வசனத்தில் கொட்டவில்லை. காட்சிகளை அவசரமாக வெட்டாமல், நம் கண் அதில் தங்கும்படி விட்டார். தொடக்கத்தில் பச்சைப் புல்வெளி, மேயும் மாடுகள். முடிவில் கல் தூண், கல் சுவர். இரண்டையும் பார்த்தாலே சங்கரன் மனம் போன வழி புரிகிறது. காமிரா பிடித்தவர் ஷாஜி கருண்.

கடைசியில் சங்கரன் சிதம்பரம் வருகிறான். சாமி கும்பிட்டுத் திரும்புகிறான். வாசலில் செருப்புக் காவல் காக்கும் பெண் நிமிர்கிறாள். சிவகாமி!

வேறு படம் என்றால் இங்கே அழுகை, பாட்டு எல்லாம் இருக்கும். இங்கேயோ காமிரா அவர்களை விட்டு மெல்ல மெல்லக் கோபுரத்தில் ஏறி, வானத்துக்குப் போய்விடுகிறது. மன்னிப்புக் கிடைத்ததா? படம் சொல்லவில்லை.

சிறந்த டைரக்டர் என்ற தேசிய விருதை மூன்று முறை பெற்ற அரவிந்தன், 1991 மார்ச் 15-ந் தேதி, 56-வது வயதில் காலமானார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், கோவில் வாசலில் செருப்பைத் திரும்ப வாங்கும்போது, அதைக் காத்தவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார்கள்.