டாக்டர் லுட்விக் குட்மன்

பாராலிம்பிக் என்றதும் நம்மில் பலருக்கு 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு நினைவுக்கு வருவார். அந்தப் போட்டிகளுக்கு விதை போட்டவர் டாக்டர் லுட்விக் குட்மன். ஆனால் அவர் முதலில் போராடியது படுக்கைப் புண்ணோடு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைக் கவனிப்பவர்கள் நம் பிளாக்குகளிலும் இருப்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

குட்மன் 1899இல் அன்றைய ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. 1917இல் ஒரு விபத்து மருத்துவமனையில் உதவியாளராக இருந்தபோது, முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாட்டசாட்டமான வாலிபர். மாவுக்கட்டுப் போட்டு, சுற்றித் திரை வைத்துவிட்டார்கள். எப்படியும் இறந்துவிடுவார், குறிப்பு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று குட்மனிடம் சொன்னார்கள். சொன்னபடியே ஐந்து வாரத்தில் அவர் இறந்தார். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் காரணம். எலும்பு முறிவு அவரைக் கொல்லவில்லை என்பது குட்மன் மனதில் தங்கிவிட்டது.

பிறகு அவர் பெரிய நரம்பியல் மருத்துவரானார். ஹிட்லர் ஆட்சியில் யூதர் என்பதால் வேலை போயிற்று. பிரெஸ்லாவ் யூத மருத்துவமனைக்கு மாறினார். 1938 நவம்பரில் யூதர்கள் மீது வன்முறை வெடித்த இரவில், வந்து கேட்கும் எவரையும் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் போலீஸ் வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லிச் சமாளித்தார். 64 பேரில் 60 பேர் தப்பினார்கள். 1939இல் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்காக 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கி, அவரிடம் ஒப்படைத்தார்கள். தேறாத கேஸ்கள் என்று மற்றவர்கள் ஒதுங்கிய வேலை அது.

நாம் தூக்கத்தில்கூட அறியாமலே புரண்டு படுக்கிறோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அது நடப்பதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப் புண்ணாகிறது. முதுகின் அடிப்பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் இது அதிகம். ஈரத்தில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் கெடும். இதற்கு குட்மன் புது மருந்து எதையும் தேடவில்லை. மாவுக்கட்டைக் கழற்றினார். பகலும் இரவும் இரண்டு மணிக்கொரு முறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைத்தார். சரியாகச் செய்கிறார்களா என்று நடுராத்திரியில் தானே வார்டுக்கு வந்து பார்ப்பார். பாங்கில் திடீர் இன்ஸ்பெக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் தெரியும்!

சிறுநீர் விஷயத்திலும் அதே கண்டிப்பு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தேங்கினால் தொற்று சிறுநீரகம் வரை ஏறும். அதனால் குழாயை நிரந்தரமாகச் செருகி வைக்காமல், குறித்த நேரங்களில் கை படாத சுத்தமான முறையில் செலுத்தி, வடிந்ததும் எடுத்துவிடச் செய்தார். இந்தக் கீழ்மட்ட வேலையை டாக்டர் எதற்குக் கவனிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர் அதை டாக்டர்களின் வேலையாகவே வைத்திருந்தார்.

புண் ஆறி, காய்ச்சல் நின்றதும் சும்மா படுத்திருக்க விடமாட்டார். உட்கார வைத்து, தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்த்தல் என்று பழக்கினார். தோளுக்கும் கைக்கும் பலம் சேர்க்க வில்வித்தை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த மருத்துவமனை மைதானத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 1960இல் ரோம் நகரில் அது சுமார் 400 பேர் கலந்துகொண்ட சர்வதேசப் போட்டியாகிவிட்டது.

1966இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. நோயாளிகள் என்னவோ அவரை அப்பா என்ற அர்த்தத்தில் பாப்பா என்றுதான் அழைத்தார்கள். 1980 மார்ச் 18 அன்று காலமானார். ஸ்டோக் மாண்டவில் முதுகுத்தண்டுப் பிரிவு இன்றும் இயங்குகிறது.