விண்கலத்தின் சூட்டைத் தணிக்கும் விதி தந்த ஜோசப் ஸ்டீபன்

சூடான பாலை ஆற்றும்போது சுற்றியுள்ள காற்று சூட்டை வாங்கிச் செல்கிறது. காற்றே இல்லாத விண்வெளியில், கலத்தின் சூட்டை வாங்க யார் இருக்கிறார்கள்? முதல் செயற்கைக் கோள் பறப்பதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி சொன்னவர் ஓர் ஏழையின் மகன்.

ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகருக்கு அருகே 1835ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஜோசப் ஸ்டீபன் பிறந்தார். தந்தை மாவு ஆலைத் தொழிலாளி. தாய் வீட்டு வேலை செய்தவர். இருவரும் ஸ்லோவேனிய இனத்தவர். படிப்பில் சிறந்து விளங்கிய ஸ்டீபன், தாய்மொழியில் கவிதைகளும் எழுதினார். பெனடிக்ட் சபைத் துறவியாகலாமா என்று எண்ணிய அவர், பின்னர் கணிதமும் இயற்பியலும் கற்க 1853இல் வியன்னா சென்றார். பத்தே ஆண்டுகளில் அங்கே பேராசிரியரானார்.

டிண்டால் என்ற அறிஞர் பிளாட்டினக் கம்பியைச் சூடேற்றி ஆராய்ந்திருந்தார். 525 டிகிரியிலிருந்து 1200 டிகிரிக்கு உயர்த்தியபோது, கம்பி வீசிய கதிர் ஏறத்தாழ 11.7 மடங்கானது. பலரும் கண்ட இந்த எண்ணில் ஸ்டீபன் ஓர் ஒழுங்கைக் கண்டார். பொருள் வீசும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்மடிக்கேற்ப உயரும் என்று 1879இல் அறிவித்தார். தனிவெப்பநிலை இரு மடங்கானால் வெப்பவீச்சு பதினாறு மடங்காகும்! இதே விதியைக் கொண்டு சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையையும் கணக்கிட்டார். 1884இல் அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் இவ்விதியைக் கொள்கை வழியே நிறுவினார். ஆகவே இருவர் பெயரும் விதியில் இணைந்து நிற்கின்றன. ஸ்டீபன் 1893இல் வியன்னாவில் காலமானார்.

விண்கலத்தில் கருவிகளும் மனிதர்களும் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகின்றனர். அது வெளியேறாவிட்டால் கருவிகள் பழுதாகும், உயிருக்கே ஆபத்து. வெளியேற்ற உள்ள முக்கிய வழி கதிர்வீச்சே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் குழாய்களில் ஓடும் அம்மோனியா, சூட்டைச் சுமந்து பெரிய வெண்ணிறத் தகடுகளுக்குச் செல்கிறது. வெயில் படாதபடி தம் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டித் திரும்பும் அத்தகடுகள், 70 கிலோவாட் வரை வெப்பத்தை இருண்ட வெளியில் வீசுகின்றன. தகடு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்கிட ஸ்டீபனின் விதியே துணை. தகடு குளிர்ந்திருந்தால் வீச்சு மிகக் குறையும். பரப்பு பெருக வேண்டும்.

தோழியரே, ஸ்டீபன் விண்கலத்தைக் கண்டதில்லை. பிறர் குறித்து வைத்த எண்களைப் பொறுமையாக ஆராய்ந்தார், அவ்வளவே. அந்தப் பொறுமை இன்று விண்ணில் வாழ்வோரின் உயிரைக் காக்கிறது. நம் கணக்கு நோட்டையும் இனி அலட்சியமாக மூடிவைக்கலாமா?