வீணை மீட்டிய வேந்தன்

செஞ்சிக் கோட்டையைக் கண்டு களித்துத் திரும்பும் தோழர்களே, அப்படியே தெற்கே பனமலைக்கும் வாருங்கள். குன்றின்மேல் தாளகிரீசுவரர் கற்றளி. கட்டியவன் இராசசிம்ம பல்லவன். சுமார் 700 முதல் 728 வரை காஞ்சியிலே அரசோச்சியவன்.

தந்தை பரமேசுவரவர்மன் சாளுக்கியரோடு மோதி மோதி ஓய்ந்தவன். மகனுக்கோ ஓரளவு அமைதி வாய்த்தது. 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான், மாமல்லபுரத்திலே கடற்கரைக் கோயில் எடுத்தான், வீணையும் மீட்டினான். வீணையிலே நாரதன் என்று தனக்குத் தானே பட்டமும் சூட்டிக்கொண்டான்! காஞ்சி கைலாசநாதர் கோயிலிலே இப்படி இருநூறுக்கு மேற்பட்ட பட்டங்கள். அடக்கம் அரசர்க்கு ஆகாது போலும்!

ஆனால், இசையறிந்த அந்தக் காதுதான் கல்லையும் ஆட வைத்தது, சுவரையும் பாட வைத்தது. பனமலைச் சிற்றறையிலே ஒரு பக்கம் சிவனின் ஆடல். மற்றொரு பக்கம், குடை நிழலிலே, ஒரு கால் மடித்துச் சுவரிலே சாய்ந்து, உமை அதைப் பார்க்கிறாள். ஆடியவன் பெரும்பாலும் அழிந்துபோனான். பார்த்தவள், நிறம் மங்கியும், நிற்கிறாள். அவள் முகத்தைப் பாருங்கள், ஆட்டத்தின் தாளம் தெரியும்.

சுதை பூசியவன் யார்? அந்த முகத்தைத் தீட்டியவன் யார்? இருநூறு பட்டங்களிலே ஒன்றைக் குறைத்து, அவன் பெயரைப் பொறித்திருக்கலாம் மன்னன். பொறிக்கவில்லை.